விற்பவர் கேட்க மறுக்கும் ஒரு கேள்வி

உலகின் எந்த மூலையிலாவது துப்பாக்கிப் படுகொலை ஒன்று நிகழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் தவறாமல் எழுகின்றன. ‘துப்பாக்கி வெறும் கருவி, அதைப் பொழுதுபோக்காகக் கொண்ட எங்களை விட்டுவிடுங்கள்’ என்பது முதலாவது. ‘துப்பாக்கியை விரும்பித் தொடுகின்ற எவரது மனதிலும் கொலைவெறி குடியிருக்கிறது’ என்பது இரண்டாவது. முதற்குரல் அமெரிக்காவில் உரத்து ஒலிக்கிறது. இரண்டாவது குரல் நம்மவர் மத்தியில் இயல்பாகவே ஒலிக்கிறது. இவ்விரு குரல்களும் சேர்ந்து ஒரு கேள்வியை அமுக்கிவிடுகின்றன. துப்பாக்கி ஒன்று ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும்போது, வாங்குபவர் யார் என்று கேட்டறிந்து எழுதி வைக்கும் கடமை விற்பவருக்கு உண்டா, இல்லையா?

உண்டு என்பதே எனது நிலைப்பாடு. அக்கடமையை அரசாங்கம் சுமத்தும்வரை காத்திராமல் முதலில் வலியுறுத்த வேண்டியவர்கள் துப்பாக்கிச் சேகரிப்பாளர்களும் குறிசுடும் விளையாட்டில் ஈடுபடுவோருமே. அவர்களுடைய பிடிவாதமும் மௌனமுமே அவர்களுடைய பொழுதுபோக்கை நாடு நாடாக அழித்து வருகின்றன.

முதலில் அந்தப் பொழுதுபோக்குக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். நம்மில் பலர் நினைப்பதுபோல அது வெடிச்சத்தத்தில் மயங்கும் சிறுபிள்ளைத்தனம் அன்று. குறிசுடுபவர் மூச்சை அடக்கி, உடலின் நடுக்கத்தைத் தணித்து, விசையை அவசரமின்றி அழுத்தப் பழகுவதற்கு ஆண்டுகள் பல ஆகும். 2008இல் பீஜிங் ஒலிம்பிக்கில் 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் அபினவ் பிந்த்ரா பெற்ற தங்கமே, இந்தியாவுக்குத் தனிநபர் ஒருவர் பெற்றுக்கொடுத்த முதலாவது ஒலிம்பிக் தங்கம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காகச் சுட்டவர். புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டியில் பங்குபற்றியவர். இவர்களைக் கொலைவெறியர் என்று கூறத் துணிவோர் யார்?

சேகரிப்பாளரின் உலகமும் அறிவு நிறைந்ததே. இரண்டாம் உலகப்போர்க் காலத்து லீ-என்பீல்ட் ஒன்றை விலைபேசும் சேகரிப்பாளரைக் கவனித்துப் பாருங்கள். இலங்கைப் பொலிஸார் நெடுங்காலம் தோளில் சுமந்த ‘திறீ நொட் திறீ’ என்று நமது ஊர்களில் அறியப்பட்டது இத்துப்பாக்கிக் குடும்பமே. அவர் குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே புரிகள் தேய்ந்துள்ளனவா, துருவேறியுள்ளதா என்று பார்ப்பார். ரவை அமரும் அறையின் இடைவெளியை அளவுகோல் கொண்டு சோதிப்பார். உடற்பகுதியில் பொறிக்கப்பட்ட தொடரிலக்கமும் போல்டில் உள்ள தொடரிலக்கமும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவார். மரப்பாகத்தை எவராவது அராவிப் புதிதாக மெருகூட்டியிருந்தால் பாதி விலைக்கும் வாங்கமாட்டார். ஜேர்மன் இராணுவத்தின் லூகர் கைத்துப்பாக்கியாயின் சோதனை இன்னும் நுணுக்கமானது. அதன் சிற்றுறுப்புகளிலும் தொடரிலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று மாறியிருந்தாலும் அதன் மதிப்பு வீழ்ந்துவிடும்.

இத்தனை நுணுக்கமாகத் துப்பாக்கியின் பூர்வீகத்தை விசாரிக்கும் அதே மனிதர், அதை விற்கும் நாளில் வாங்குபவரின் பெயரைக் கேட்பது தனது சுதந்திரத்துக்கு இழுக்கு என்கிறார். இரும்பின் பிறப்பும் வளர்ப்பும் தெரிந்தாக வேண்டும்; அதைக் கொண்டுபோகும் மனிதன் யாராகவும் இருக்கலாம். இந்த முரண்பாட்டைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அமெரிக்கச் சட்டம் இந்த முரண்பாட்டை நிலைநிறுத்தி வைத்திருக்கிறது. அனுமதி பெற்ற வணிகர் ஒருவர் துப்பாக்கி விற்கும்போது, வாங்குபவர் படிவம் நிரப்ப வேண்டும்; அவரது குற்றப் பின்னணி பரிசோதிக்கப்பட வேண்டும். 1993இல் நிறைவேறிய பிரேடி சட்டத்தின் வழியாக வந்து, 1998 நவம்பர் முதல் கணினி மூலம் நடைபெறும் பரிசோதனை இது. ஆனால், துப்பாக்கி வணிகத்தைத் தொழிலாகக் கொள்ளாத தனிநபர், தனது மாநிலத்திலேயே வசிக்கும் இன்னொரு தனிநபருக்கு விற்பதாயின் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் அப்பரிசோதனை தேவையில்லை. பல மாநிலங்கள் தமது சொந்தச் சட்டங்களால் இந்த ஓட்டையை அடைத்துள்ளன. ஏனைய மாநிலங்களில் அது திறந்தே கிடக்கிறது. தேசியப் பதிவேடு ஒன்றை உருவாக்குவதையும் 1986ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆகவே, கொலைக்களத்தில் கண்டெடுக்கப்படும் துப்பாக்கியின் வரலாற்றைத் தேடும் அதிகாரிகள் உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர், முதலாவதாக வாங்கியவர் என்ற வரிசையில் சென்று, அதற்கப்பால் தடமிழந்து நிற்கிறார்கள்.

இதன் விலை என்ன என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1999 ஏப்ரல் 20ஆம் திகதி கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பாடசாலையில் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்ற இரு மாணவர்கள் பயன்படுத்திய நான்கு துப்பாக்கிகளுள் மூன்று, துப்பாக்கிச் சந்தையொன்றில் தனிநபர்களிடமிருந்து வாங்கப்பட்டவை. வயதில் மூத்த தோழி ஒருவர் அவர்களுக்காக வாங்கிக் கொடுத்தார். பின்னணிப் பரிசோதனைக்கு முகங்கொடுக்க வேண்டியிருந்தால் தான் அதற்கு உடன்பட்டிருக்கப் போவதில்லை என்று அவரே பின்னர் கூறினார். அடுத்த ஆண்டு கொலராடோ வாக்காளர்களுள் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் அச்சந்தை ஓட்டையை அடைக்க வாக்களித்தனர். இரண்டாவது உதாரணம் ரெக்சாஸில் நிகழ்ந்தது. 2019 ஆகஸ்ட் 31ஆம் திகதி மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் ஏழு பேரைச் சுட்டுக்கொன்றவர், 2014இல் துப்பாக்கி வாங்க முயன்று பின்னணிப் பரிசோதனையில் தோற்றவர். கடையில் கிடைக்காதது தனிநபரிடம் கிடைத்தது. விற்றவர், அனுமதியின்றித் துப்பாக்கி வணிகம் செய்தமைக்காகப் பின்னர் தண்டிக்கப்பட்டார். இறந்த ஏழு பேருக்கு அதனால் என்ன பயன்?

இனி, மறுதரப்பார் முன்வைக்கும் வாதங்களைப் பார்ப்போம்.

‘குற்றவாளி சட்டத்தை மதிக்கமாட்டான், ஆகவே சட்டம் நேர்மையாளரை மட்டுமே வருத்தும்’ என்கிறார்கள். குற்றவாளி சட்டத்தை மதிக்கமாட்டான் என்பது மெய்யே. ஆனால், அவன் கையில் இருக்கும் துப்பாக்கி வானத்திலிருந்து விழுந்ததன்று. நமது ஊர்க் கம்மாலையில் குழாயை வளைத்துச் செய்யும் கட்டுத்துவக்கு போன்றவை நீங்கலாக, ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கிகளும் தொழிற்சாலையொன்றில் சட்டபூர்வமாகப் பிறந்தவையே. எங்கோ ஓரிடத்தில், ஏதோ ஒரு நாளில், நேர்மையான ஒருவரின் கையிலிருந்து அது வழுவியிருக்கிறது. களவு போயிருக்கலாம், கேள்வி கேட்காமல் விற்கப்பட்டிருக்கலாம். அந்த இடத்தை அடையாளம் காண்பதற்குத்தான் பதிவு தேவைப்படுகிறது. குற்றவாளி பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு விற்கும் நேர்மையாளர் கையெழுத்திட வேண்டும் என்பதே கோரிக்கை.

‘இன்று பதிவு, நாளை பறிமுதல்’ என்பது அடுத்த வாதம். இதனை ஏளனம் செய்து ஒதுக்க நான் தயாரில்லை. பிரித்தானியாவில் நடந்தது அதுவே. 1996 மார்ச் 13ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் 16 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் கொல்லப்பட்டனர். 1997இல் நிறைவேறிய இரு சட்டங்கள் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதைத் தடை செய்தன. கைத்துப்பாக்கி வீரர்கள் பயிற்சிக்காகக் கடல்கடந்து செல்ல வேண்டியதாயிற்று. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் அப்போட்டிகளை நடத்துவதற்கே விசேட அனுமதி தேவைப்பட்டது.

ஆனால், அத்தடை ஏன் வந்தது? கொலையாளி அனுமதிப்பத்திரம் பெற்றவர். துப்பாக்கிக் கழகங்களில் பயின்றவர். அவருடைய அனுமதியை மீளப்பெற வேண்டும் என்று 1991இலேயே பொலிஸ் அதிகாரி ஒருவர் எழுத்தில் பரிந்துரைத்திருந்தார். அக்குறிப்பு கிடப்பில் போடப்பட்டது. அனுமதி தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டது. விசாரணை நடத்திய கலன் பிரபு முழுத்தடையைக் கோரவில்லை. பயன்படுத்தாத வேளையில் கைத்துப்பாக்கியின் முக்கிய உறுப்பொன்றைக் கழற்றிக் கழகத்தில் வைப்பது போன்ற வழிகளையே அவர் முன்வைத்தார். மக்களின் கோபத்தின் முன்னே அந்த நடுவழி நிற்கவில்லை. கைத்துப்பாக்கிகளைப் பறித்தது பதிவேடு என்பதைவிட, பதிவேட்டைத் திறந்து படிக்க எவரும் இல்லாத நிலையே பறித்தது என்பது பொருந்தும். தம்மிடையே ஒருவர் பொருந்தாதவர் என்று எழுந்து கூறும் வழக்கம் கழகங்களில் வேரூன்றியிருக்குமாயின், தடைக்கான நியாயமே எழுந்திருக்காது.

நியூசிலாந்திலும் இதுவே நடந்தது. 2019 மார்ச் 15ஆம் திகதி கிறைஸ்ற்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவர் அனுமதிப்பத்திரம் பெற்றவர். அவருக்காகச் சாட்சி கூறியவர்களுள் ஒருவர், பெரும்பாலும் இணைய விளையாட்டின் மூலமே அவரை அறிந்த நண்பர். மற்றவர் அந்நண்பரின் பெற்றோர். இவ்வளவு இலேசான விசாரணையை வைத்துக்கொண்டு, எந்த வீட்டில் எத்தனை துப்பாக்கிகள் உள்ளன என்ற பதிவுமின்றி அந்நாடு பல ஆண்டுகளைக் கழித்தது. சில வாரங்களுக்குள் பெரும்பாலான அரைத்தானியங்கித் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. பதிவேடு 2023 ஜூனில்தான் தொடங்கியது. கனடாவில் 2022 ஒக்ரோபர் 21ஆம் திகதி முதல் கைத்துப்பாக்கிகளின் கைமாற்றமே உறைய வைக்கப்பட்டது. ரொறன்ரோவில் வாழும் தமிழ்க் குறிசுடுநர் ஒருவர் தமது கைத்துப்பாக்கியைத் தம் மகளுக்குக் கையளிக்க விரும்பினாலும், அவர் ஒலிம்பிக் வகைப் போட்டியாளர் என்பது போன்ற விலக்கு எதுவும் பொருந்தாவிடின், அது இயலாது. நம்பிக்கை வற்றிய இடத்தில் சட்டம் கோடரியைத் தூக்கும். அக்கோடரி நல்லவர், தீயவர் என்று பார்த்து விழாது.

மாற்றுவழி உண்டா என்று கேட்போருக்குச் சுவிற்சர்லாந்தைக் காட்டுவேன். சூரிச்சில் ஒவ்வொரு செப்டெம்பரிலும் 13 முதல் 17 வயதுவரையான சிறுவர் சிறுமியர் பங்குபற்றும் குறிசுடும் விழா நடைபெறுகிறது. ஒரு காலத்தில் சிறுவருக்கு மட்டுமே உரியதாயிருந்த அவ்விழாவில் 1991 முதல் சிறுமியரும் சுடுகிறார்கள். கிராமந்தோறும் சுடுகளம் இருக்கும் நாடு அது. அங்கும் கைத்துப்பாக்கி வாங்குவதற்கு முன்கூட்டியே அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும். அனுமதிச்சீட்டுத் தேவைப்படாத வேட்டைத் துப்பாக்கியைத் தனிநபர்கள் தமக்குள் விற்பதாயினும் எழுத்திலான ஒப்பந்தம் வேண்டும். இருவரும் அதனைப் பத்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். பிரதியொன்று மாநிலப் பதிவலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். 2019 மே 19ஆம் திகதி நடைபெற்ற மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 64 சதவீதத்தினர் மேலும் இறுக்கமான விதிகளை ஏற்றுக்கொண்டனர். அதன்படி, பெரிய ரவைக்கூடு கொண்ட அரைத்தானியங்கித் துப்பாக்கியை விளையாட்டுக்கென வாங்குபவர், தாம் கழக உறுப்பினர் என்பதையோ ஒழுங்காகச் சுடுகிறவர் என்பதையோ ஐந்து ஆண்டுகளின் பின்னரும் பத்து ஆண்டுகளின் பின்னரும் நிரூபிக்க வேண்டும். சுவிஸ் குறையற்ற நாடு என்று நான் சொல்லவில்லை. 2001 செப்டெம்பரில் சூக் நகரின் மாநில மன்றத்தினுள் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயினும், அங்கு எந்தச் சேகரிப்பாளரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதால் அடிமையாகிவிடவில்லை.

அமெரிக்காவிலேயே இதற்குச் சான்று உண்டு. இராணுவத்தின் பழைய எம்1 காரண்ட் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கும் ‘குடிமக்கள் குறிசுடுதல் திட்டம்’ வாங்குபவரிடம் குடியுரிமைச் சான்றையும் கழக உறுப்புரிமையையும் கேட்கிறது, பின்னணியையும் பரிசோதிக்கிறது. சேகரிப்பாளர்கள் முகஞ்சுளிக்காமல் வரிசையில் நின்று அவற்றைக் கொடுத்து வாங்குகிறார்கள். அதே துப்பாக்கியை அடுத்த மாதம் தாம் விற்கும்போது மட்டும், அதே கேள்விகள் எவ்வாறு கொடுங்கோன்மையாக மாறுகின்றன என்பதற்கு அவர்கள் விடை கூறவேண்டும்.

அவுஸ்திரேலியாவை எடுத்துக்காட்டி என்னை மடக்க முயல்வோரும் உண்டு. 1996 ஏப்ரல் 28ஆம் திகதி போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின்னர், அந்நாடு எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. ஏறத்தாழ 650,000 துப்பாக்கிகளைப் பணம் கொடுத்து மீளப்பெற்றது. ஆயினும், 2025 டிசம்பர் 14ஆம் திகதி சிட்னியின் போண்டாய் கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் 15 பேர் கொல்லப்பட்டனர். சுட்ட இருவருள் தந்தையானவர் அனுமதிப்பத்திரம் உடையவர். அவர் பெயரில் ஆறு துப்பாக்கிகள் பதிவாகியிருந்தன. அவருடைய மகனையோ 2019இலேயே பாதுகாப்புப் புலனாய்வுத்துறை விசாரித்திருந்தது. ‘பதிவு எதைத் தடுத்தது?’ என்ற கேள்வி நியாயமானதே. பதிவேடு தானாக எதையும் தடுப்பதில்லை. டன்பிளேனில் கிடப்பில் கிடந்த குறிப்பும், சிட்னியில் வெவ்வேறு அலுவலகங்களில் கிடந்த கோவைகளும் ஒரே பாடத்தைத்தான் புகட்டுகின்றன. எழுதி வைத்ததைக் காலத்துக்குக் காலம் எடுத்துப் படிக்க வேண்டும். மனிதரை மீண்டும் மீண்டும் விசாரிக்க வேண்டும். ஒரு பூட்டு உடைக்கப்பட்டது என்பதற்காக ஊரிலுள்ள கதவுகளையெல்லாம் எவரும் கழற்றி எறிவதில்லை.

இனி நம்மவருடன் சில வார்த்தைகள். துப்பாக்கி என்றாலே அருவருக்கும் தமிழரின் உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதை நான் அறிவேன். 2000 ஒக்ரோபர் 19ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்தில் தமது வீட்டில் எழுதிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்ட தர்மரத்தினம் சிவராம் சுடப்பட்டுப் பிணமாகக் கிடந்தார். எவரும் தண்டிக்கப்படவில்லை. இவை பத்திரிகையாளரின் பெயர்கள் என்பதால் எழுதப்பட்டன. எழுதப்படாத பெயர்கள் எத்தனை ஆயிரம்!

ஆனால், அந்தத் துப்பாக்கிகள் எத்தகையவை என்று சிந்தித்திருக்கிறோமா? அவற்றுக்குச் சொந்தக்காரர் என்று எவரும் இல்லை. கொடுத்தவர் யார், கொண்டுவந்தவர் யார், திரும்பப் பெற்றவர் யார் என்று கேட்க இயலாத ஆயுதங்கள் அவை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின்கீழ் அனுமதி பெற்று, குரங்கையும் பன்றியையும் விரட்ட வேட்டைத் துவக்கு வைத்திருக்கும் வன்னி விவசாயி, ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்க அலைகிறார். மறுபுறத்தில், 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தினுள், குடையப்பட்ட சட்டப்புத்தகமொன்றினுள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட துப்பாக்கியால் நீதிவானின் முன்னிலையிலேயே ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். நாம் அஞ்ச வேண்டியது விவசாயியின் பதிவு செய்யப்பட்ட துவக்குக்கா, சொந்தக்காரர் இல்லாத துப்பாக்கிக்கா? சொந்தக்காரர் இல்லாத துப்பாக்கியின் கொடுமையை அனுபவித்த சமூகத்துக்கே, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பெயரும் முகவரியும் வேண்டும் என்று கோரும் தகுதி எவரையும்விட அதிகம். குறிசுடும் இளவேனிலைக் கண்டு முகந்திருப்புவதால் அக்கோரிக்கை வலுப்பெறாது.

ஆகவே, இப்பொழுதுபோக்கை நேசிக்கும் உலகத்தாரிடமும், அதில் அண்மைக்காலத்தில் இணைந்துள்ள புலம்பெயர் தமிழரிடமும் நான் கேட்பவை நான்கு. துப்பாக்கி கைமாறும் ஒவ்வொரு தடவையும், உறவினருக்கிடையிலான கைமாற்றமாயினும், எழுத்தில் ஒப்பந்தமும் பின்னணிப் பரிசோதனையும் இருக்கட்டும். களவு போனதையும் காணாமற் போனதையும் உடனே அறிவிப்பது சட்டத்துக்கு முன்னர் கழகத்தின் கட்டாய விதியாகட்டும். துப்பாக்கி இரும்புப் பெட்டகத்திலும் ரவை வேறோர் இடத்திலும் பூட்டப்படட்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்பவர்கள் என்பதை நினைவிற்கொண்டால், அப்பூட்டு முதலில் காப்பாற்றப்போவது சொந்த வீட்டாரையே. இறுதியாக, தம்மிடையே ஒருவரின் பேச்சும் போக்கும் மாறுவதைக் கண்டால், அதனைச் சொல்லுவது காட்டிக்கொடுப்பு அன்று, கடமை என்று கழகங்கள் ஏற்கட்டும்.

இவற்றுள் எதுவும் சேகரிப்பாளரின் கண்ணாடிப் பேழையிலிருந்து ஒரு திருகாணியைக்கூட எடுத்துச் செல்லாது. குறிசுடுநரின் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் பறிக்காது. பதிலாக, அடுத்த படுகொலையின் மறுநாள் கோபத்துடன் எழும் பொதுமக்களின் முன்னே, ‘எங்கள் துப்பாக்கிகள் ஒவ்வொன்றும் யாரிடம் உள்ளன என்று எங்களுக்குத் தெரியும்’ என்று நிமிர்ந்து கூறும் வலிமையை அது அவர்களுக்குத் தரும். இன்று அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கங்களுள் எதனாலும் அவ்வாறு கூற முடியாது.

எண்பது ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான லூகரின் சிற்றுறுப்பிலுள்ள இரண்டு எண்களைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் பொறுமை உள்ளவருக்கு, வாங்குபவரின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளப் பத்து நிமிடம் இல்லை என்றால், நான் நம்பமாட்டேன். நீங்களும் நம்ப வேண்டாம்.